சத்தம் சமூகப் பிரச்சினை ஆகும் முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நல்லிணக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் மேடையில் தொடங்கி மேடையிலேயே முடிந்துவிடுகிறது. உரை, கைதட்டல், குழுப் புகைப்படம். மறுநாள் அதே மாடிப்படியில் அதே இரண்டு குடும்பங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்குகின்றன. நாங்கள் அக்கம்பக்கத் தகராறுகளில் சமரசம் பேசும் பணியில் இருப்பவர்கள். வேறு மொழி, வேறு மதம், வேறு பழக்கம் கொண்டவர்களோடு ஒரே கட்டடத்தில் பகையில்லாமல் காலந்தள்ள நடைமுறையில் என்னென்ன வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதை யாரும் விவரமாக எழுதுவதில்லை. அதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள வேண்டும்.

எங்களிடம் வரும் புகார் எதுவும் 'இரவு 11 மணிக்கு மேல் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது' என்று வருவதில்லை. 'அவங்க ஆளுங்களே இப்படித்தான் சார்' என்றுதான் வரும். உள்ளே தோண்டினால் நாற்காலி இருக்கும். அல்லது குப்பைப் பை, செருப்பு அடுக்கு, வண்டி நிறுத்தும் இடம், பொதுத் தண்ணீர்த் தொட்டி. ஆகவே எங்கள் முதல் வேலை, அந்தப் பொதுப்பெயரைக் கழற்றி வைத்துவிட்டு நேரம், இடம், அளவு ஆகிய மூன்றையும் வெளியே எடுப்பது. எந்த அறை? எத்தனை மணிக்கு? வாரத்தில் எத்தனை நாள்? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம்? புகார் சொல்பவரிடம் ஒரு தாளைக் கொடுத்து இரண்டு வாரம் குறித்துவரச் சொல்வோம்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன மாதிரிச் சத்தம், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார். கடைசிக் கேள்வியைப் பலரும் வீண் என்று நினைக்கிறார்கள். தூக்கம் கெட்டதா, படிப்பு கெட்டதா, வெறும் எரிச்சல்தானா என்பதைப் பொறுத்துத் தீர்வே மாறும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 'தினமும் ராத்திரி பூரா' என்பது 'செவ்வாய், வெள்ளி, பத்தரை முதல் பதினொன்றே கால் வரை' என்று சுருங்கியிருக்கும். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் வழி கண்டுபிடிக்கலாம். 'அவங்க ஆளுங்க'ளுக்கு என்ன வழி கண்டுபிடிப்பது?

பொதுப்பெயர் இவ்வளவு சீக்கிரம் வாயில் வருவதற்குக் காரணம் உண்டு. 1970-இல் வெளியான சோதனைகளில் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பிரிட்டனில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை இரண்டு பிரிவாக்கினார். ஒரு சோதனையில், திரையில் காட்டிய புள்ளிகளின் எண்ணிக்கையை யார் கூட்டிச் சொன்னார், யார் குறைத்துச் சொன்னார் என்பதுதான் பிரிவினைக்குச் சொல்லப்பட்ட காரணம். இன்னொன்றில் கிளே, கான்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடித்தது என்பது. தன் பிரிவில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் காசு பங்கிடச் சொன்னபோது தன் பிரிவுக்குச் சாதகமாகப் பங்கிட்டார்கள். தன் பிரிவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் சரி, எதிர்ப்பிரிவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தவர்களும் இருந்தார்கள். புள்ளிக் கணக்கே இந்தப் பாடு படுத்துமானால் மொழியும் மதமும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் இன்னொரு வழுக்கல்: நம்மவர் கதவை ஓங்கிச் சாத்தினால் 'காற்று அடித்திருக்கும்', அவர்கள் சாத்தினால் 'திமிர்'. நம் தவறுக்குச் சூழ்நிலையையும் அவர்கள் தவறுக்குக் குணத்தையும் காரணம் காட்டும் இந்தப் போக்கைச் சமூக உளவியலாளர் தாமஸ் பெட்டிக்ரூ 1979-இல் விரிவாக எழுதினார். நல்லவர், கெட்டவர், படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் இது இருக்கிறது. மத்தியஸ்தம் செய்பவர்களிடமும்தான்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். தகராறுகளில் அதற்குத்தான் முதலிடம். தகராறின் பாதி ஒலியின் இயல்பு தெரியாததால் வளர்கிறது. மேல்வீட்டுக்காரர் 'நான் குறைச்சுட்டேன்' என்கிறார். கீழ்வீட்டுக்காரர் 'குறையவே இல்லை' என்கிறார். ஒருவர் பொய் சொல்கிறார் என்று இருவருமே முடிவுகட்டிவிடுகிறார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒலியின் ஆற்றலைப் பாதியாகக் குறைத்தால் அளவுமானியில் 3 டெசிபெல்தான் இறங்கும். காதுக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் இறங்க வேண்டும். தவிர, சுவர் மேல்ஸ்தாயியைத் தடுக்கும் அளவுக்கு அடித்தாளத்தைத் தடுப்பதில்லை. பாட்டு ஓடும் அறையில் குரல்தான் பெரிதாகக் கேட்கும். பக்கத்து வீட்டில் குரல் கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும். எனவே ஒலியளவைக் குறைப்பதைவிட 'பேஸ்' என்ற அடித்தாளக் குமிழைத் திருகிக் குறைப்பது பலமடங்கு பயன் தரும். ஒலிபெருக்கியைப் பொதுச்சுவரில் அடித்த பலகையிலோ நேரடியாகத் தரையிலோ வைக்கக் கூடாது. சுவரிலிருந்து தள்ளி, அடியில் தடித்த ரப்பர் வைத்து நிறுத்த வேண்டும்.

காலடி, நாற்காலி, துணி துவைக்கும் இயந்திரம் மூன்றும் வேறு வகை. இவை காற்றில் வருவதில்லை, கான்கிரீட் வழியாக வருகின்றன. கீழ்வீட்டுக்காரர் தன் கூரைக்கு என்ன ஒட்டினாலும் பெரிய பலன் இருக்காது. சத்தம் புறப்படும் இடத்தில்தான் தடுக்க வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் (கம்பளி போன்ற தடித்த துணி) ஒட்டுகள் போதும். ஆனால் அவை தேய்ந்தும் கழன்றும் போகும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒட்டிய புதிதில் இருந்த சமாதானம் பிறகு கெட்டுவிட்டது என்று வருபவர்களிடம் முதலில் ஃபெல்ட்டைப் பார்க்கச் சொல்கிறோம். துவைக்கும் இயந்திரம் பிழியும்போது அதிர்ந்தால், ரப்பர் விரிப்பு வாங்குவதற்கு முன் நான்கு கால்களும் தரையில் சமமாகப் படிகின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கால் தூக்கியிருந்தால் எந்த விரிப்பும் உதவாது.

உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, தூக்கம் கெடாமல் இருக்கப் படுக்கையறைக்குள் தொடர் ஒலி 30 டெசிபெல்லையும் திடீர் ஒலி 45 டெசிபெல்லையும் தாண்டாமல் இருப்பது நல்லது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அண்டை வீட்டாரை மிரட்டுவது எங்கள் நோக்கம் அல்ல. கைபேசிச் செயலிகள் அவ்வளவு துல்லியமாக அளப்பதும் இல்லை. இரவில் சிறு ஓசையே தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை, தூங்க முடியாதவருடைய 'அதிகப்படி உணர்ச்சி' என்று தள்ளிவிட முடியாது. அதைச் சொல்ல மட்டும் இந்த எண் பயன்படும்.

வாசனைத் தகராறைப் பற்றி ஒரு வார்த்தை. அண்டை வீட்டுச் சமையல் வாசனை பிடிக்கவில்லை என்பது கேட்பதற்கே கசப்பான புகார், ஏனென்றால் அது சாப்பாட்டின் மீதும், சாப்பிடுகிறவர்களின் மீதும் தீர்ப்புச் சொல்வதுபோல ஒலிக்கும். எதைச் சமைப்பது என்பது பேச்சுக்குரிய பொருளே அல்ல, அதில் நாங்கள் கறாராக இருக்கிறோம். காற்று எந்த வழியாகப் போகிறது என்பது மட்டும் பேசலாம். வெளியேற்று விசிறி பொதுக் காற்றுக்குழாயில் திறந்தால், அது நிற்கும்போது மற்ற வீட்டு வாசனை திரும்பி வரும். ஒருவழித் தடுப்பு மடல் பொருத்தினால் நின்றுவிடும். விசிறி படிக்கட்டுப் பக்கம் திறந்தால், வெப்பக்காற்று மேலே ஏறுவதால், மேல்மாடிக்காரருக்குத்தான் முழுவதும் போகும். திசையை மாற்றினால் பிரச்சினையே இருக்காது.

நேரில் போய்ப் பேசுவதுதான் எல்லாவற்றிலும் மலிவான வழி. அதைத்தான் எல்லோரும் கடைசியாகச் செய்கிறார்கள். பேசுவதற்கென்று சில முறைகள் உண்டு. சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது போகக் கூடாது. அந்த நேரத்தில் நம் முகமே சண்டைக்காரன் முகமாக இருக்கும். மறுநாள், அவர்கள் அவசரத்தில் இல்லாத வேளை பார்த்து, தனியாகப் போக வேண்டும். மூன்று பேராகப் போனால் படையெடுப்பு ஆகிவிடும். பெயர், எந்த வீடு என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுக்க வேண்டும். 'செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு மேல எங்க படுக்கையறைக்கு மேல ஏதோ இழுக்கிற சத்தம் கேட்குது, பையன் முழிச்சுக்கிறான். என்னன்னு பார்க்க முடியுமா?' இவ்வளவே போதும். 'நீங்க எப்பவும்' என்று தொடங்குகிற வாக்கியமும் 'உங்க பக்கமெல்லாம்' என்று தொடங்குகிற வாக்கியமும் வாசற்படியிலேயே சமரசத்தை முடித்துவைத்துவிடும். இன்னொன்றையும் மறக்காமல் கேட்க வேண்டும்: 'எங்க வீட்டுலேர்ந்து உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?' இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. கிட்டத்தட்ட எப்போதும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல இடம் கிடைத்தவர், நம்முடையதைக் கேட்கவும் இடம் கொடுக்கிறார்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் புகார் எழுதுவதை அறவே நிறுத்த வேண்டும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. அங்கே எழுதியதும் நூறு பேர் பார்வையாளர்கள் ஆகிறார்கள். பார்வையாளர் முன் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. பத்தே நிமிடத்தில் ஒருவர் கையைக் கூப்பும் படம் போடுவார், ஒருவர் யாரையோ குத்தி ஒரு காணொளியைப் பகிர்வார், ஃபெல்ட் ஒட்டித் தீர்க்க வேண்டிய விஷயம் வரலாற்றுப் பகையாகிவிடும். குழு நிர்வாகிகளுக்கு இரண்டு விதிகள் போதும்: தனி வீட்டைக் குறிக்கும் புகார் குழுவில் கூடாது, நிர்வாகிக்குத் தனியாக அனுப்ப வேண்டும்; குடியிருப்புக்குச் சம்பந்தமில்லாத செய்தியை யார் பகிர்ந்தாலும், தனக்கு வேண்டியவரே பகிர்ந்தாலும், நிர்வாகி உடனே நீக்க வேண்டும். இரண்டாம் விதியை ஒரு தரப்பிடம் மட்டும் காட்டினால் விதியே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

நேரில் பேசியும் ஆகவில்லை என்றால்தான் மூன்றாமவர் தேவை. இரண்டு மத்தியஸ்தர்கள் இருப்பது நல்லது. முடிந்தால் இரு தரப்பின் பின்னணியிலிருந்தும் ஒவ்வொருவர். உறவினரும், கடன் கொடுத்தவரும், சங்கத் தேர்தலில் நிற்கப்போகிறவரும் வேண்டாம். முதலில் ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியாக முக்கால் மணி நேரம் கேட்க வேண்டும். நான்கு கேள்விகள் போதும். என்ன நடந்தது? அதனால் உங்களுக்கு என்ன ஆனது? இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? எது நடந்தால் 'போதும்' என்பீர்கள்? 'அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள்?' என்று கேட்கவே கூடாது. அதற்கு வருகிற பதில் முழுக்க ஊகமாகத்தான் இருக்கும்.

பிறகு கூட்டுப் பேச்சு. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இரண்டைத் தாண்டினால் சோர்வில் ஒத்துக்கொண்டு மறுநாள் மாறிவிடுவார்கள். இடம் எந்தத் தரப்பின் வீடாகவும், வழிபாட்டிடமாகவும் இருக்கக் கூடாது. எதிரெதிராக உட்கார வைக்காமல் மேசையின் இரு அடுத்தடுத்த பக்கங்களில் உட்கார வைக்க வேண்டும். ஒருவர் ஐந்து நிமிடம் குறுக்கீடு இல்லாமல் பேசுவார். பேசி முடித்ததும் மற்றவர் பதில் சொல்லக் கூடாது. தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் 'ஆமா, அதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும் வரை திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்க எளிதாகத் தெரியும். செய்து பாருங்கள்: 'நான் வேணும்னே செய்யறேன்னு சொல்றார்' என்பார். 'அப்படி நான் சொல்லலை, பையன் முழிச்சுக்கிறான்னுதான் சொன்னேன்' என்பார் மற்றவர். மூன்று நான்கு தடவை ஆகும். பெரும்பாலான வழக்குகளில் திருப்பம் இந்த இடத்தில்தான் வருகிறது, தீர்வு எழுதுகிற இடத்தில் அல்ல.

மொழி வேறாக இருந்தால் மொழிபெயர்ப்பவரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வது எல்லோரும் செய்கிற தவறு. அப்பா கோபத்தில் சொன்னதைப் பிள்ளை பூசி மெழுகிச் சொல்லும், அல்லது பயந்து விழுங்கிவிடும். மத்தியஸ்தர் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் தரப்பினரைப் பார்த்துப் பேச வேண்டும். மூன்று நான்கு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். அதனால் நேரம் இரட்டிப்பாகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்புக்கும் புரிகிற மொழிகளில். 'முடிந்தவரை', 'அனுசரித்து', 'தேவையில்லாமல்' ஆகிய மூன்று சொற்களையும் நாங்கள் எழுதவே விடுவதில்லை. எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு மாதிரி: 'இரவு 10 முதல் காலை 6 வரை துவைக்கும் இயந்திரம் ஓடாது. சாப்பாட்டு அறை நாற்காலிகள் ஆறுக்கும் இம்மாதம் 15-க்குள் ஃபெல்ட் ஒட்டப்படும். ஆண்டில் நான்கு நாள்கள் வரை வீட்டு விசேஷத்துக்காக இரவு 11.30 வரை சத்தம் இருக்கலாம். மூன்று நாள் முன்னதாகக் கீழ்வீட்டுக்குச் சொல்லப்படும். தொந்தரவு இருந்தால் கீழ்வீட்டார் முதலில் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். கூரையைத் தட்டமாட்டார்கள், குழுவில் எழுதமாட்டார்கள். இரண்டு வாரம் கழித்தும் இரண்டு மாதம் கழித்தும் நால்வரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள்.' இதில் விசேஷ நாள் விலக்கைப் பலர் பலவீனம் என்று நினைக்கிறார்கள். அதுதான் ஒப்பந்தத்தைக் காப்பாற்றுகிறது. விலக்கே இல்லாத ஒப்பந்தம் முதல் விசேஷத்தன்று உடையும். ஒருமுறை உடைந்ததை யாரும் பிறகு மதிப்பதில்லை.

ஒப்பந்தங்கள் தோற்பதற்கு மூன்று நான்கு காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு தரப்பின் கடமைகள் மட்டும் எழுதப்பட்டிருக்கும். அல்லது கையெழுத்திட்டவர் வேறு, சத்தம் போடுகிறவர் வேறு: கல்லூரி மாணவன் இசை வாசிக்கிறான், அப்பா கையெழுத்திடுகிறார், அவனை மேசைக்குக் கூப்பிடவே இல்லை. அல்லது முதலில் மன்னிப்புக் கேட்டால்தான் பேச்சு என்ற நிபந்தனை. மன்னிப்பு தானாக வந்தால் நல்லது. வாயில் திணித்தால் துப்பிவிடுவார்கள். மறுபார்வைச் சந்திப்பை 'எல்லாம் நல்லாத்தானே போகுது' என்று விட்டுவிடுவது நான்காவது. நன்றாகப் போகும்போது சந்திப்பதுதான் லாபம், ஏனென்றால் புகார் இல்லாமல் இருவரும் ஒரே மேசையில் உட்காரும் முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னது தகராறு வந்த பிறகு செய்வது. வருமுன் காப்பதற்கு 'ஒன்றாகக் கூடினாலே போதும்' என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அது பாதி உண்மை, பாதி ஆபத்து. 1954-இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் இதைத் தெளிவாக வரையறுத்தார்: கூடுகிறவர்கள் அந்த இடத்தில் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், போட்டி இல்லாமல் சேர்ந்து உழைக்க வேண்டும், பொறுப்பில் உள்ளவர்களின் ஆதரவு வெளிப்படையாக இருக்க வேண்டும். பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கலந்து பழகுவது பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் இருந்தால் கூடுதலாகக் குறைக்கிறது என்றும் தெரிந்தது.

அதே 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சமூக உளவியலாளர் முசஃபர் ஷெரிஃப் 22 சிறுவர்களை இரு அணியாக்கி முகாமில் வைத்துப் போட்டி மூட்டினார். கைகலப்பு வரை போனது. சேர்ந்து சாப்பிட வைத்தார், சேர்ந்து படம் பார்க்க வைத்தார். பகை குறையவில்லை, சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். முகாமின் தண்ணீர் நின்று இரு அணியும் சேர்ந்து குழாய்வழியைத் தேட வேண்டி வந்தபோதும், நின்றுபோன லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தபோதும்தான் மெல்ல மெல்ல மாற்றம் வந்தது. ஒரே தடவையில் வரவில்லை என்பதை அடிக்கோடிட வேண்டும். ஆய்வாளர்கள் சிறுவர்களைத் தூண்டிவிட்டதாக இந்தச் சோதனை மீது கடும் விமர்சனம் உண்டு, அது நியாயமானதே. முந்தைய ஆண்டு அவர்கள் நடத்திய இன்னொரு முகாம் பாதியில் கைவிடப்பட்டது. அங்கே சிறுவர்கள் பிரிக்கப்படும் முன்பே கலந்து பழகிவிட்டதால், எவ்வளவு தூண்டியும் பகை மூளவில்லை. எங்களைக் கேட்டால், வெளியே அதிகம் பேசப்படாத அந்தத் தோல்விதான் குடியிருப்புகளுக்குக் கிடைத்த பெரிய பாடம்.

ஆகவே புதிதாக ஒரு குடும்பம் வந்தால், முதல் வாரத்திலேயே, எந்தச் சிக்கலும் முளைப்பதற்குள், ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய வைக்க வேண்டும். விருந்து போதாது, விருந்தில் அவரவர் கூட்டம் அவரவர் மேசையில்தான் உட்கார்கிறது. மொட்டைமாடித் தொட்டி கழுவுவது, மின்தூக்கி பழுதுபார்ப்பவரோடு நின்று கவனிப்பது, பொதுக் கணக்கைச் சரிபார்ப்பது போன்றவை நல்லவை. ஒரு குழுவுக்கு நான்கிலிருந்து ஆறு பேர்; அதற்கு மேல் போனால் உள்ளேயே கட்சி பிரியும். சிறுபான்மைத் தரப்பிலிருந்து ஒரே ஒருவரைப் போடக் கூடாது, அவர் தன் சமூகத்தின் பிரதிநிதியாக நின்று பதில் சொல்லியே களைத்துப்போவார், குறைந்தது இருவர். வேலைப் பங்கீட்டில் கணக்கெழுதுவது எப்போதும் ஒரு தரப்பு, வாளி தூக்குவது எப்போதும் இன்னொரு தரப்பு என்று ஆகிவிட்டால், சேர்ந்து செய்யும் வேலையே பழைய ஏற்றத்தாழ்வுக்கு ஒத்திகை ஆகிவிடும். மாதந்தோறும் சுழற்ற வேண்டும்.

விளையாட்டிலும் இதே நுணுக்கம் உண்டு. இரு சமூகத்துக்கும் ஆளுக்கு ஓர் அணி அமைத்து 'நட்புறவுப் போட்டி' நடத்துவதைவிட மோசமான யோசனை இல்லை. உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களை வைத்து மேட் லோ நடத்தி 2021-இல் வெளியிட்ட கிரிக்கெட் ஆய்வில், ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. இராக்கில் கிறிஸ்தவக் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. சேர்ந்து ஆடியவர்கள் மாதங்கள் கழித்தும் சேர்ந்தே பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் பெரிய மாற்றம் இல்லை. இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பழகியவரிடம் வந்த நம்பிக்கை அந்நியரிடம் தானாகப் பரவாது. அதனால் ஒரு நிகழ்ச்சி போதாது, பல இடங்களில் பல குழுக்கள் வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இந்திய நகரங்களை ஒப்பிட்டு அரசியல் ஆய்வாளர் அசுதோஷ் வர்ஷ்ணி 2002-இல் சொன்னதும் இதற்கு அருகில்தான் வருகிறது: தெருவில் கண்டால் வணக்கம் சொல்லும் அளவு உறவு பெரிய நகரத்தில் வதந்தியின் முன் நிற்பதில்லை, இரு தரப்பும் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம், வணிகர் சங்கம், வாசகர் வட்டம் போன்றவை நிற்கின்றன.

பள்ளிக்கு ஒரு முறை கைவசம் இருக்கிறது. 1971-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்து அடித்துக்கொண்டபோது உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய ஆய்வு மாணவர்களும் வகுத்தது. ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட கலப்புக் குழு. பாடத்தை அத்தனை துண்டாக்கி ஆளுக்கு ஒன்று. ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் வந்து முதலில் தங்களுக்குள் கூடித் தெளிந்துகொள்வார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்பிப்பார்கள். தேர்வு தனித்தனியாக. குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டால் மெதுவாகப் படிக்கும் பிள்ளை மீது எல்லோரும் எரிந்து விழுவார்கள், முறை கெட்டுப்போகும். தெளிந்துகொள்ளும் கூட்டத்தை நேரமில்லை என்று தவிர்த்தாலும் அதே கதிதான், தயங்கிப் பேசும் பிள்ளை தன் குழுவின் முன் திணறி நிற்கும். ஆசிரியர்கள் இதை ஒரு வாரம் செய்துவிட்டு 'பலனில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். சில வாரங்களாவது தொடர வேண்டும்.

கொள்கை வேறுபாட்டில் மனம் மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு: வாதத்தால் கடினம். டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மயாமியில் வீடு வீடாகப் போன தொண்டர்கள் திருநர்களைப் பற்றிச் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். தங்களை யாராவது தவறாக எடைபோட்ட அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டுவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்கள். வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் இருந்தது. பெரிய மாற்றமில்லை, ஆனால் புள்ளிவிவரங்களை அடுக்கிச் சண்டையிட்டு யாரும் இந்த அளவுகூடச் சாதித்ததாக நாங்கள் கண்டதில்லை.

சமரசம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. அடி, மிரட்டல், பெண்களையும் குழந்தைகளையும் துன்புறுத்தல், பிறப்பைக் காரணம் காட்டி வீடோ தண்ணீரோ வழியோ மறுத்தல் ஆகியவை தகராறு அல்ல, குற்றம் அல்லது உரிமை மீறல். அங்கே 'இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்' என்பவர் பலசாலியின் பக்கம் நிற்கிறார். பாதிக்கப்பட்டவர் தேதி, நேரம், சாட்சி, படம் எல்லாவற்றையும் குறித்துவைத்துக்கொண்டு சட்டத்திடம்தான் போக வேண்டும். தனிப்பேச்சில் ஒருவர் 'அவர் இருக்கிற அறையில் நான் பேச மாட்டேன்' என்றால் கூட்டுப் பேச்சு நடத்தவே கூடாது. பயத்தில் வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை. சம்மதமின்றி யாரையும் மேசைக்கு இழுப்பதும் சமரசம் ஆகாது.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அண்டை வீட்டுத் தகராறுச் செய்தியில், மதமோ இனமோ மொழியோ சண்டைக்குக் காரணமாக இருந்தாலன்றி, தரப்பினரின் அடையாளத்தைத் தலைப்பில் போட வேண்டாம். காரணமாக இருந்தால் மறைக்கவும் வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்துக்காக அடித்துக்கொண்டால் வண்டி நிறுத்துமிடம் என்றே எழுதுங்கள், எத்தனை வண்டிக்கு எத்தனை இடம் இருந்தது என்றும் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து அங்கே மறுபடி ஒரு செய்தியாளரை அனுப்பி, தீர்ந்ததா, எப்படித் தீர்ந்தது, யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று அதே பக்கத்தில் வெளியிட்டால் மற்ற குடியிருப்புகள் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
அக்கம்பக்கச் சமரசப் பணியில் உள்ள வாசகர்கள்